கிரீட் தீவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: மத்தியானத்தைக் காலியாக வையுங்கள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போவதென்று முடிவானதும் எல்லோரும் முதலில் ஒரு பட்டியல் போடுவோம். க்னோசோஸ் அரண்மனை, சமாரியா பள்ளத்தாக்கு, எலாஃபோனிசி கடற்கரை, ஸ்பினலோங்கா கோட்டை, எல்லாம் ஐந்தே நாளில். முதல்முறை நானும் அப்படித்தான் போட்டேன். வரைபடத்தில் தீவு சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் கிழக்கு மேற்காக அது 260 கிலோமீட்டர் நீளம். நடுவில் 2,456 மீட்டர் உயரத்தில் சிலோரித்திஸ் மலை. வடக்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குப் போவதென்றால் மலையேறி இறங்க வேண்டும். அந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் நினைவிருப்பது பட்டியலில் இருந்த இடம் எதுவும் இல்லை. பேருந்தைத் தவறவிட்டு ஒரு மலைக்கிராமத்தில் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரம்தான். காப்பிக்கடைக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். எதுவும் கேட்கவில்லை. தட்டில் அத்திப்பழத்தை வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதனால் இந்த வழிகாட்டியில் இடங்கள் குறைவு. அந்த மாதிரி மூன்று மணி நேரம் உங்களுக்கும் வாய்க்க எப்படித் திட்டமிடலாம் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

எப்போது போகலாம்

ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை நல்ல காலம். செப்டம்பரும் அக்டோபரும் அதே அளவுக்கு நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் வெயில், கூட்டம், வாடகை மூன்றுமே உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் நகரங்கள் வழக்கம்போல இயங்கும், கடற்கரையோர உணவகங்கள் பலவும் மூடியிருக்கும்.

என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி என்பேன். கடல் இன்னும் குளிர்ந்திருக்காது, கூட்டம் வடிந்திருக்கும். அதைவிட முக்கியம், ராக்கி என்ற சாராயத்தைக் காய்ச்சும் பருவம் அப்போதுதான் தொடங்குகிறது. திராட்சையைப் பிழிந்து மது எடுத்தபின் மிஞ்சும் தோலையும் விதையையும் சில வாரம் புளிக்கவிட்டு, செப்புக் கொப்பரையில் காய்ச்சி வடிப்பார்கள். அந்தக் கொப்பரைக்குக் கசானி என்று பெயர். கொப்பரை கொதிக்கிற இரவில் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டாரும் வந்துவிடுவார்கள். அடுப்புத் தணலில் உருளைக்கிழங்கு வேகும், மாதுளை உடைபடும், இறைச்சி சுடப்படும். வாசலில் தயங்கி நிற்கும் வெளியூர்க்காரரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். தங்கியிருக்கும் வீட்டில், “பக்கத்தில் எங்காவது கசானி நடக்கிறதா?” என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கே ஈஸ்டர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ நாட்காட்டிப்படி வருகிறது. பல ஆண்டுகளில் நம் ஊர்க் காலண்டரில் உள்ள ஈஸ்டரும் அதுவும் ஒரே நாளில் வராது. அந்த வாரத்தில் கிராமத்தில் இருக்க முடிந்தால் நல்லது. சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை ஒருவரோடு ஒருவர் மோதி உடைத்து விளையாடுவதைப் பார்க்கலாம். பேருந்து குறைவாக ஓடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

விசாவும் வழியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் இரண்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். ஷெங்கன் நாடுகளைவிட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் 90 நாள் வரை விசா வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ஏதென்ஸ் போகலாம். அங்கிருந்து தீவின் நகரங்களான இராக்லியோ அல்லது ஹானியாவுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானப் பயணம். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்ப் பலகையைப் பார்த்து ‘சானியா’ என்று சொன்னால் ஒருவருக்கும் புரியாது, ‘ஹானியா’ என்றே சொல்லுங்கள். ஒரு வழியாவது கப்பலில் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இரவு ஏறிப் படுத்தால் விடியும்போது தீவு வந்துவிடும். இராக்லியோவை நெருங்கும்போது மேல்தளத்துக்குப் போய் நில்லுங்கள். வெனிஸ்காரர்கள் கட்டிய கூலெஸ் கோட்டை, பழைய துறைமுகத்தின் வாயிலில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

எட்டு இரவு இருந்தால் இப்படிப் பிரிக்கலாம்: இராக்லியோவில் மூன்று, அர்ஹானெஸ் கிராமத்தில் இரண்டு, ஹானியாவில் மூன்று. இராக்லியோவில் இறங்கி ஹானியாவிலிருந்து கிளம்பினால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 140 கிலோமீட்டர். வடக்குக் கரையோரம் பேருந்துகள் நன்றாகவே ஓடுகின்றன, ரெதிம்னோ வழியில்தான் இருக்கிறது. மலைக்கிராமங்களுக்கு வண்டி வேண்டும். அங்கே சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய சாலையில் பின்னால் வேகமாக வண்டி வந்தால், முன்னால் போகிறவர் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடுவது அங்கே வழக்கம். உங்களிடமும் அதை எதிர்பார்ப்பார்கள். மலைவளைவில் எந்த நேரமும் ஆட்டு மந்தை வரலாம்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். காலையில் ஓர் இடம், சாயங்காலம் ஒரு நடை. ஒரு நாளைக்கு அதற்குமேல் வைக்காதீர்கள். மதியம் 3 முதல் 5.30 வரை ஊரே ஓய்வெடுக்கும் நேரம். அந்த நேரத்தில் சத்தம் போடுவதும் பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவதும் மரியாதைக் குறைவு. நீங்களும் தூங்குங்கள், இல்லையென்றால் மர நிழலில் உட்காருங்கள். இரவுச் சாப்பாடு அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் களைகட்டும், ஏழு மணிக்குப் போனால் காலி நாற்காலிகளோடுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

முதலில் அருங்காட்சியகம், அப்புறம் அரண்மனை

இராக்லியோ தொல்லியல் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள், மறுநாள் காலை க்னோசோஸ் போங்கள். அரண்மனைச் சுவர்களில் நீங்கள் பார்க்கும் ஓவியங்கள் நகல்கள், மூல ஓவியங்கள் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. காளையின் முதுகின்மேல் குட்டிக்கரணம் அடிக்கும் இளைஞனின் ஓவியத்தை அங்கே நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனால், மறுநாள் வெறும் கல்லாகத் தெரிந்திருக்கும் முற்றத்தில் ஆள் நடமாட்டம் தெரியும்.

அங்கேயே ஃபைஸ்டோஸ் வட்டு இருக்கிறது. 1908இல் தெற்கே ஃபைஸ்டோஸ் அரண்மனையில் கிடைத்த சுட்ட களிமண் வட்டு, குறுக்களவு சுமார் 16 சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சுருள்சுருளாக 45 வகைக் குறிகள். எழுத்தாணியால் கீறவில்லை, ஒவ்வொரு குறியையும் தனித்தனி அச்சால் ஈரக் களிமண்ணில் அழுத்தியிருக்கிறார்கள். இன்றுவரை யாராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. வெண்கலக் காலத்தில் கிரீட்டில் வாழ்ந்த மினோவர்களின் லீனியர் ஏ எழுத்தும் அப்படித்தான். அதற்குப் பின் வந்த லீனியர் பி எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துவிட்டார், அது கிரேக்க மொழியின் பழைய வடிவம் என்று தெரிந்தது. சிந்துவெளி முத்திரைகளைப் பார்த்து ஏங்கிய எவரும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைவிட்டு எளிதில் நகர மாட்டார்கள்.

க்னோசோஸ் நகரத்துக்குத் தெற்கே 5 கிலோமீட்டர், நகரப் பேருந்திலேயே போகலாம். நுழைவுச்சீட்டை இணையத்தில் வாங்கிக்கொண்டு, திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் கப்பல் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அரியணை அறை முன்னால் வரிசை நீளும். நிழலும் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும்.

ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். இங்கே முதலில் தோண்டியவர் மினோஸ் கலோகைரினோஸ் என்ற இராக்லியோ வணிகர், 1878இல். 1900இல் ஆர்தர் எவன்ஸ் பெரிய அளவில் தோண்டத் தொடங்கினார். நிறைய இடங்களைக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டியவரும் அவர்தான். சிவப்புத் தூண்கள் அவர் காலத்தவை. குங்குமப்பூ பறிக்கும் ‘நீலச் சிறுவன்’ என்று அவர் காலத்தில் ஒட்டுப்போட்டுத் தேற்றிய ஓவியம் ஒன்று உண்டு. பின்னால் ஆராய்ந்தபோது அது சிறுவன் இல்லை, குரங்கு என்று தெரிந்தது. அதனால் எதைப் பார்த்தாலும், “இதில் கிடைத்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு?” என்று ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அங்கே நிறைவைத் தந்தவை கிடங்கு அறைகள்தான். ஆளுயரச் சுட்ட மண் தாழிகள் வரிசையாக நிற்கின்றன. எண்ணெயும் தானியமும் சேமித்த தாழிகள். தூக்கி நகர்த்த எத்தனையோ காதுகள், கயிறு சுற்றியது போலவே களிமண்ணில் இழைத்த வரிகள். குயவரின் கைவேலையை அவ்வளவு அருகில் பார்க்கலாம்.

அர்ஹானெஸ் இராக்லியோவிலிருந்து 15 கிலோமீட்டர், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிராமம். அதற்குத் தெற்கே வதிபெட்ரோ என்ற இடத்தில் மினோவர் காலத்துத் திராட்சைப் பிழியும் தொட்டி கிடைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எதிரே அதே திராட்சை, அதே சரிவு.

பிந்தைய வரலாற்றுக்கு ஹானியாவின் பழைய தெருக்களே போதும். 13ஆம் நூற்றாண்டிலிருந்து வெனிஸ், 17ஆம் நூற்றாண்டிலிருந்து உதுமானியத் துருக்கியர், 1898 வரை அவர்கள் ஆட்சி. 1913இல் தீவு கிரேக்கத்தோடு சேர்ந்தது. இது முழுவதையும் ஸ்ப்லாண்ட்சியா சதுக்கத்தில் ஒரே பார்வையில் பார்க்கலாம். அங்குள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்துக்கு ஒரு பக்கம் மணிக்கோபுரம், மறுபக்கம் மினார். வெனிஸ் காலத்து மடாலயம் மசூதியாகி, பிறகு ஆர்த்தடாக்ஸ் தேவாலயமானது. மினாரை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ரெதிம்னோ வழியாகப் போகிறவர்கள் அர்காதி மடத்துக்கும் போய் வரலாம். 1866இல் உதுமானியப் படை சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்த இடம் அது. தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். 1941 மே மாதம் ஜெர்மன் வான்படையினர் பாராசூட்டில் குதித்து இறங்கியதும், அதன்பின் கிராமங்களை எரித்ததும் வீட்டு நினைவுகளாகவே இன்னும் இருக்கின்றன. பெரியவர்கள் தாமாகப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நேரம் இருந்தால் ஹானியாவுக்கு மேற்கே வூவெஸ் கிராமத்து ஒலிவ மரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். குறைந்தது 2,000 வயது என்கிறார்கள். இன்னும் காய்க்கிறது.

சாப்பாடு: சைவர்கள் பயப்பட வேண்டாம்

ஐரோப்பா என்றாலே ரொட்டியும் வெண்ணெயும்தான் என்று பொடி பாட்டில்களோடு கிளம்புகிறவர்களுக்கு: கிரீட் அப்படிப்பட்ட இடமில்லை. நம் வீட்டு வெண்டைக்காய் தக்காளிக் குழம்பில் வெந்து பாமியெஸ் என்ற பெயரில் தட்டுக்கு வரும். மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் கடைந்து மேலே எண்ணெயும் வெங்காயமும் போட்டால் ஃபாவா. காட்டுக்கீரைகளை வேகவைத்து எலுமிச்சை பிழிந்தால் ஹோர்த்தா. காய்கறியை ஒலிவ எண்ணெயில் வேகவைக்கும் இந்த வகைக்கெல்லாம் லாதெரா என்று பொதுப்பெயர்.

சைவர்கள் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு போக வேண்டும். “ஹோரிஸ் க்ரேஆஸ்” என்றால் இறைச்சி இல்லாமல். “நிஸ்தீசிமோ” என்றால் விரதச் சாப்பாடு. ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்க மாட்டார்கள் என்பதால் இந்தச் சொல் எந்தச் சமையல்காரருக்கும் உடனே புரியும். ஆனால் விரதத்தில் கணவாய், சிப்பி, நத்தை அனுமதி உண்டு, அதனால் இரண்டாவது ஒருமுறை கேட்டுவிடுங்கள். தக்காளிக்குள்ளும் குடமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்த யெமிஸ்தா சில வீடுகளில் கொத்துக்கறியோடு வரும். கறி சேராததை ‘ஓர்ஃபனா’, அதாவது அநாதை, என்பார்கள். கல்யாணச் சோறான கமோபிலாஃபோ பார்க்க வெறும் வெண்சோறுபோல இருக்கும். ஆட்டுக்கறியோ கோழியோ வெந்த சாற்றில் வெந்த சோறு அது. அசைவர்கள் கண்டிப்பாகத் தேடிச் சாப்பிட வேண்டியதும் அதுதான்.

டாக்கோஸ் கேட்டு வாங்குங்கள். இருமுறை சுட்ட பார்லி ரஸ்க், கையால் ஒடிக்க முடியாத அளவு கெட்டி. அதைத் தண்ணீரில் ஒரு நொடி நனைத்து, துருவிய தக்காளியைச் சாறோடு கொட்டி, மிசித்ரா என்ற புதுப் பாலாடைக்கட்டியை உதிர்த்து, ஓரிகானோ தூவி, ஒலிவ எண்ணெயை வழியவிடுவார்கள். வந்தவுடன் கடிக்காதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்தால் சாறு அடிவரை இறங்கி, ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். தட்டில் மிஞ்சும் எண்ணெயை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவது அங்கே நாகரிகக் குறைவு ஆகாது, சமைத்தவருக்குச் சந்தோஷம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் படம் போட்ட பெரிய மெனு அட்டை உள்ள கடைகளைத் தவிர்த்து, காலையிலேயே சமைத்து தட்டங்களில் அடுக்கி வைத்திருக்கும் கடையைத் தேடுங்கள். “பார்க்கலாமா?” என்று கேட்டால் சமையற்கட்டுவரை கூட்டிப்போய்க் காட்டுகிறவர்கள் உண்டு, கையைக் காட்டி வாங்கலாம். மீன் பெரும்பாலும் கிலோ விலை. பொரிக்கச் சொல்லும் முன்பே எடைபோட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேட்காமல் வரும் ரொட்டிக்குச் சிறு தொகை பில்லில் சேரும், அது வழக்கம்தான்.

விருந்தோம்பலை எப்படி ஏற்பது

விருந்து என்ற சொல்லுக்குத் தமிழில் புதுமை என்றும் பொருள் உண்டு, புதிதாக வந்தவர் என்றும் பொருள் உண்டு. கிரேக்கத்தில் ‘க்ஸேனோஸ்’ என்றால் அந்நியர், விருந்தினர் இரண்டும்தான். அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் ஃபிலோக்செனியா, அந்நியரிடம் வைக்கும் அன்பு. விருந்தினரைக் காப்பது ஸீயஸ் கடவுளின் வேலை என்று அவர்களின் முன்னோர் நம்பினார்கள். இரண்டு மொழிகளும் வாசலில் நிற்கும் முகம் தெரியாத ஆளை ஒரே கண்ணோடு பார்த்திருக்கின்றன என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சாப்பிட்டு முடித்ததும், கேட்காமலே பழமோ இனிப்போ, கூடவே ஒரு சிறு குடுவை ராக்கியும் வரும். இதற்குப் பெயர் கெரஸ்மா. காசு கிடையாது. காப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் உங்கள் காப்பிக்குச் சொல்லாமல் காசு கொடுத்திருப்பார். அப்போது பர்ஸை எடுக்காதீர்கள். கோப்பையை உயர்த்தி “யாமாஸ்” சொல்லுங்கள், நெஞ்சில் கைவைத்து “எஃப்ஹரிஸ்தோ”, அதாவது நன்றி, சொல்லுங்கள். மறுநாள் அவர் அங்கே இருந்தால் அவருக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கலாம். உடனே பதிலுக்குக் கொடுத்தால் கணக்குத் தீர்த்ததுபோல ஆகிவிடும். மது குடிக்காதவர்கள் தயங்காமல் சொல்லலாம். கரண்டி இனிப்பு என்று பழங்களைப் பாகில் ஊறவைத்து வைத்திருப்பார்கள், ஒரு கரண்டி இனிப்பும் ஒரு தம்ளர் குளிர்ந்த தண்ணீரும் வரும்.

ஊர்க் காப்பிக்கடைகளுக்குக் கஃபெனியோ என்று பெயர். உள்ளே நுழைகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்: காலையில் “கலிமேரா”, மற்ற நேரம் “யா சாஸ்”. காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றால் “ஸ்கேத்தோ”, அளவாக என்றால் “மேத்ரியோ”. அடியில் மண்டி தங்கும், அதைக் குடிக்கக் கூடாது. ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம், யாரும் எழச் சொல்ல மாட்டார்கள்.

“நே” என்றால் ஆமாம். இந்தி தெரிந்தவர்கள் இதில் கட்டாயம் குழம்புவார்கள். “ஓஹி” என்றால் இல்லை. வாயால் சொல்லாமல் தலையைச் சற்று மேலே தூக்கி நாக்கால் ‘த்ச்’ கொட்டினாலும் இல்லை என்றே பொருள். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே காட்டுவது பெரிய அவமானம். “ஐந்து வேண்டும்”, “போதும் போதும்” என்று நாம் இயல்பாகக் காட்டும் சைகை இது, கவனமாக இருங்கள். போதும் என்பதற்கு நெஞ்சில் கை வைத்தால் போதும்.

வீட்டுக்குக் கூப்பிட்டால் வெறுங்கையோடு போக வேண்டாம். ஐரோப்பாவுக்குள் வெளிநாட்டிலிருந்து பால் பொருட்களைக் கொண்டுபோக அனுமதி இல்லாததால் நெய் மைசூர்பாகும் பால்கோவாவும் வேண்டாம். கடலைமிட்டாயும் எள்ளுமிட்டாயும் கொண்டுபோங்கள். அங்கே எள்ளையும் தேனையும் சேர்த்துச் செய்யும் பஸ்தேலி கிட்டத்தட்ட நம் எள்ளுமிட்டாய்தான். நான் பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த வீட்டு அம்மா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, உள்ளே போய்த் தன் டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பேசுவதற்கு எங்களுக்குப் பொதுமொழி இல்லை. மாற்றி மாற்றித் தின்றுகொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

இன்னும் சில. கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை. வங்கி அட்டை எல்லா இடத்திலும் செல்லும், ஆனாலும் மலைக்கிராமத்துக்குக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

கிளம்பும் நாளில், தங்கியிருந்த வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலில் ஏதாவது ஊற்றிக் கையில் கொடுக்க வாய்ப்பு அதிகம். பச்சையாக இருந்தால் அவர் தோட்டத்து ஒலிவ எண்ணெய், நிறமில்லாமல் இருந்தால் ராக்கி. தாகத்தில் தண்ணீர் என்று நினைத்து வாயில் ஊற்றிவிடாதீர்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு நெகிழிப் பையில் போட்டு, பெரிய பெட்டியின் நடுவில் துணிகளுக்குள் வையுங்கள். எண்ணெய் ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு தக்காளியைத் துருவுங்கள்.